பிரசவத்துக்குப் பிறகு பால் சுரக்கவே இல்லையா? பட்டாணி சைஸ் பிட்யூட்டரியும் காரணமாக இருக்கலாம்!

குழந்தை பிறந்து 3, 4 நாள் ஆகியும் பால் வரவில்லை என்றால், "பூண்டு சாப்பிடு, சுறாப்புட்டு சாப்பிடு" என்று வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். பால் தாமதமாக சுரக்க பல காரணங்கள் உண்டு. பலருக்கு சில நாளில் சரியாகிவிடும். ஆனால் பிரசவத்தின்போது ரத்தப்போக்கு ரொம்ப அதிகமாக இருந்து, அதற்குப் பிறகு பாலே வரவில்லை என்றால், பிட்யூட்டரி சுரப்பியையும் ஒருமுறை பார்த்துவிடணும்.

எங்கே இருக்கிறது?

மூக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால், மூளைக்கு அடியில், குதிரைச் சேணம் மாதிரி ஒரு எலும்புக் குழி இருக்கிறது. அதற்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பதுதான் பிட்யூட்டரி. எடை சுமார் அரை கிராம். மேலே இருக்கும் ஹைப்போதலாமஸுடன் ஒரு மெல்லிய காம்பு இதை இணைக்கிறது. 'மாஸ்டர் சுரப்பி' என்று பெயர்தான் பெரிசு. இதற்கே ஆர்டர் போடுவது அந்த ஹைப்போதலாமஸ்!

முன்பகுதியில்தான் வேலை அதிகம். வளர்ச்சி ஹார்மோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், தைராய்டை இயக்கும் டிஎஸ்ஹெச், அட்ரீனலை கார்டிசால் சுரக்கச் சொல்லும் ஏசிடிஹெச், மாதவிடாயை நடத்தும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. பின்பகுதி கிட்டத்தட்ட ஒரு குடோன். ஹைப்போதலாமஸ் தயாரிக்கும் ஆக்ஸிடோசினையும், சிறுநீரில் தண்ணீர் அதிகம் போகாமல் பிடித்து வைக்கும் ஏடிஹெச்சையும் சேமித்து, தேவைப்படும்போது வெளியே விடும்.

பிரசவத்தில் என்ன ஆகிறது?

கர்ப்ப காலத்தில் புரோலாக்டின் செல்கள் பெருகி, சுரப்பி வீங்கிப் பெரிதாகிறது. ஆனால் அதற்கு ஏற்ற அளவுக்கு ரத்த ஓட்டம் கூடுவதில்லை. அதிலும் முன்பகுதிக்கு ரத்தம் போவது அழுத்தம் குறைந்த நாளங்கள் வழியாக. அந்த நேரத்தில் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டு பிபி சட்டென்று இறங்கினால், முன்பகுதி செல்கள் செத்துப்போகலாம். பின்பகுதிக்கு நேரடியாகத் தமனி ரத்தம் கிடைப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். 1937-ல் இதை விரிவாக விளக்கியவர் பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் ஹெரால்ட் ஷீஹான். அதனால் இதற்கு 'ஷீஹான் சிண்ட்ரோம்' என்று பெயர்.

பால் வராதது முதல் அறிகுறி. அப்புறம் மாதவிடாய் திரும்ப வராது, அக்குள் முடி உதிரும், குளிர் தாங்காது, எழுந்தால் தலை சுற்றும், எப்போதும் அசதி. "பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு தேறவே இல்ல" என்ற ஒரே வரியில் இதெல்லாம் அடங்கிப்போவதால், கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகிவிடுவதும் உண்டு. சிலர் சோடியம் அல்லது சர்க்கரை அளவு குறைந்து, மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

டெஸ்ட்டில் ஒரு சிக்கல்

அசதி என்று போனால் பெரும்பாலும் டிஎஸ்ஹெச் மட்டும் பார்ப்பார்கள். வழக்கமான தைராய்டு குறைபாட்டில் அது ஏறியிருக்கும். இங்கே டிஎஸ்ஹெச் அனுப்புகிற பிட்யூட்டரியே படுத்துவிட்டதால், ரிப்போர்ட் 'நார்மல்' என்றுகூட வரலாம்! அதனால் ஃப்ரீ டி4, காலை நேர கார்டிசால், புரோலாக்டின் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கணும். எம்ஆர்ஐ-யில் சுரப்பி இருக்க வேண்டிய குழி காலியாகத் தெரியலாம். பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்ற தகவலை டாக்டரிடம் சொல்வது ரொம்ப முக்கியம், அது எத்தனை வருஷத்துக்கு முன்பு நடந்திருந்தாலும் சரி.

சிகிச்சை உண்டு. குறைந்துபோன ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுப்பார்கள். ஆனால் வரிசை மாறக்கூடாது. கார்டிசால் குறைவாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டை பொதுவாக வாழ்நாள் முழுக்க எடுக்கணும், திடீரென்று நிறுத்தக்கூடாது. காய்ச்சல், ஆபரேஷன் என்று வந்தால் டாக்டர் டோஸைக் கூட்டுவார். வாந்தியால் மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ளணும்.