குளியலறைத் தரையைக் கவனியுங்கள்

விரலிடுக்கில் சேற்றுப்புண் என்று வருகிறீர்கள். களிம்பு தருகிறேன். பத்தே நாளில் மறுபடி அதே கால்! தண்ணீர் தேங்கும் தரையில் நின்று குளித்தால் களிம்பு என்னதான் செய்யும்? வயசானவங்க வழுக்கி விழுவதும் அங்கேதான்.

கட்டுமானத் தரமுறை தெரிந்த கொத்தனார், தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது வாட்டம் வைப்பார். நீர் கசியாத பூச்சு பூசி, துவாரத்தை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே ஓடு பதிப்பார். அவசரக்காரர் இதைத்தான் விட்டுவிடுவார். பிறகு ஓட்டை உடைக்கணும். பளபளக்கும் ஓடு பார்க்க அழகு, ஈரத்தில் எமன். சொரசொரப்பானதைக் கேளுங்கள்.

ரிப்பேர் முடிந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குட்டையாக நின்றால் கிராணியாரிடம் அன்றே காட்டுங்கள். தொழிலாளர் வீட்டைப் பழுதில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது.