சித்திரக்கதை வீராங்கனைகள்: அட்டையும் உள்ளடக்கமும்

கற்றறிந்தவர்கள் எழுதும் நம் சங்க மலரில் காமிக்ஸ் புத்தகத்தைப் பற்றி எழுதலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். எழுதலாம் என்பதே அடியேன் கருத்து. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற நம் பெண் குழந்தைகள், பெண்ணுக்குப் பலம் என்றால் என்ன என்பதைப் பாட்டி கதையில் கொஞ்சம், சினிமாவில் கொஞ்சம், பாக்கியை இந்த வண்ணப் புத்தகங்களில்தான் தெரிந்துகொள்கிறார்கள். கடைக்கு வரும் சரக்கைப் பிரித்து உதறிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பிள்ளைக்கான புத்தகத்தை மட்டும் அட்டையைப் பார்த்தே வாங்குகிறோம், அல்லது அட்டையைப் பார்த்தே தூக்கி எறிகிறோம்.

இந்தக் கூட்டத்தில் மூத்தவள் என்று சொல்லத்தக்கவள் வொண்டர் உமன். 1941-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்தாள். படைத்தவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியல் அறிஞர். படம் வரைந்தவர் எச்.ஜி. பீட்டர். பொய் சொல்கிறவனின் இரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர் இந்த மார்ஸ்டன். அவருடைய நாயகி கையிலோ கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு கயிறு. அதில் கட்டுண்டவன் அவள் சொல்லுக்குப் பணிய வேண்டும், உண்மையையும் கக்கியாக வேண்டும். துப்பாக்கிக் குண்டைத் தடுக்க மணிக்கட்டில் இரண்டு காப்பு. மார்ஸ்டன் குடும்பத்தோடு வாழ்ந்த ஆலிவ் பைர்ன் என்ற பெண்மணி அணிந்திருந்த அகலமான காப்புகள்தான் இதற்கு மூலம்.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கணக்குதான் சொன்னதாகும். அந்தக் காப்புகளை ஓர் ஆண்மகன் சங்கிலியால் பிணைத்துவிட்டால் அவள் பலம் போய்விடும் என்றும் அதே மார்ஸ்டன் விதி வைத்தார். அதனால் கதைக்குக் கதை அவளைக் கட்டிப்போடும் படங்கள். பெண் விடுதலையைச் சொல்ல வந்தவருக்கு இவ்வளவு சங்கிலி எதற்கு என்று அன்றைக்கே முணுமுணுத்தார்கள். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது.

இன்னொரு வேடிக்கை. 1942-இல் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற வீரர்கள் சங்கத்தில் அவளைச் சேர்த்தார்கள். என்ன பதவி? காரியதரிசி! ஆண்கள் எல்லாம் சண்டைக்குப் புறப்படுவார்கள். மலையைப் பெயர்க்கும் பலம் உள்ளவள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டு வீட்டோடு இருப்பாள். அந்தக் கதைகளை எழுதியவர் மார்ஸ்டன் அல்ல, கார்ட்னர் பாக்ஸ். பேனா கை மாறினால் அதே பெண்ணின் வேலையும் மாறிவிடுகிறது பாருங்கள். (நம் சங்கத்துச் செயற்குழு இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்பட வேண்டாம்.)

1947-இல் மார்ஸ்டன் காலமானார். 1954-இல் பதிப்பாளர்கள் தங்களுக்குள்ளே ஒரு தணிக்கை விதித்தொகுப்பு ஏற்படுத்திக்கொண்டார்கள். 1956-இல் வந்த பேட்வுமன், கைப்பையில் பவுடர் டப்பா, உதட்டுச்சாயம் போன்ற சாமான்களை வைத்துக்கொண்டுதான் திருடனைப் பிடித்தாள். 1961-இல் வந்த இன்விசிபிள் கேர்ளுக்குக் கிடைத்த சக்தியே கண்ணுக்குத் தெரியாமல் போவது! அவள் பெயரில் 'கேர்ள்' போய் 'உமன்' வர 1985 ஆயிற்று.

1968-இல் வொண்டர் உமனின் சக்தி, கயிறு, உடை எல்லாவற்றையும் பிடுங்கி, நியூயார்க்கில் ஒரு துணிக்கடை வைக்கச் செய்தார்கள். கடை வைப்பது இழிவில்லை, நானும் கடைக்காரன்தான். ஆனால் சூப்பர்மேனை யாரும் மளிகைக்கடை வைக்கச் சொல்லவில்லையே! 1972-இல் குளோரியா ஸ்டைனம் முதலானோர் நடத்திய 'மிஸ்' பத்திரிகை, ஜூலை இதழின் அட்டையில் பழைய உடையோடு அவளை நிறுத்தியது. 1973-இல் சக்தி திரும்பக் கிடைத்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், படித்து வளர்ந்த பெண்களே வந்து கேட்டார்கள்.

உடையைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் வருத்தப்படுகிறார்கள். நியாயம்தான். 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை அவளைப் பெண்கள் முன்னேற்றத்துக்குக் கௌரவத் தூதராக அறிவித்தபோது, இந்த உடையில் ஒரு தூதரா என்று அங்கே வேலை பார்ப்பவர்களே எதிர்த்தார்கள். டிசம்பரிலேயே அந்தப் பதவி முடிந்தது. ஆனால் உடையைவிடப் பெரிய கோளாறு கதையில் இருக்கிறது. 1994-இல் வந்த கிரீன் லான்டர்ன் கதையில், வில்லன் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டியில் திணித்து வைக்கிறான். எதற்கு? நாயகனுக்குக் கோபம் வர வேண்டுமாம். இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி இழந்த பெண் பாத்திரங்களை 1999-இல் கெயில் சிமோன் என்ற பெண்மணி ஒரு பட்டியலாகத் தொகுத்தார். பிற்பாடு, 2007-இல், வொண்டர் உமன் கதை எழுதும் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. படம் வரைய ஒரு பெண்ணுக்கு, டிரினா ராபின்சுக்கு, வாய்ப்புக் கிடைத்தது 1986-இல்தான்.

கடைசியாக நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர் வீட்டுப் பெண் ஒருத்தி. 2014-இல் 'மிஸ் மார்வெல்' என்ற பெயரில் வந்த கமலா கான், ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், பதிப்பாசிரியர் சனா அமானத், இருவருமே பெண்கள். சக்தி வந்தவுடன் கமலா, தான் ஆசைப்பட்டபடி பொன்னிற முடியும் குட்டை உடையும் உள்ள வெள்ளைக்கார வீராங்கனையாக உருமாறுகிறாள். மாறின பிறகு முடி முகத்தில் விழுகிறது, பூட்ஸ் காலைக் கடிக்கிறது, உடை எங்கெங்கோ ஏறுகிறது. பிறகு, உடம்பை மூடும் நீச்சலுடை ஒன்று வீட்டில் இருந்ததே, அதையே தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போட்டுக்கொள்கிறாள். முதல் இதழின் அட்டையில் அவள் முகம்கூட முழுதாய்த் தெரியாது. ஒரு கை முஷ்டி மடக்கியிருக்கிறது. மற்றதில் பாடப் புத்தகங்கள்.