கூவியர் கடையில் நால்வர்

சென்ற சனிக்கிழமை மாலை, விடைத்தாள் திருத்தும் பணி ஒருவாறு முற்றுப்பெற்ற களிப்பில், மாத்தளைத் திருகோணமலை வீதியில் அண்மையில் திறக்கப்பட்ட இந்திய உணவுச்சாலை ஒன்றிற்கு நண்பர்களாய் நால்வர் சென்றோம். கணித ஆசிரியர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திற் பிறந்தவர். மற்றொருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். மூன்றாமவர் விஞ்ஞான ஆசிரியர். என்னைப் போலவே வலிகாமத்தவர். இருபது ஆண்டுகளாக என் அயலவர்.

அப்பஞ் சுட்டு விற்பாரைக் கூவியர் என்னும் பெயரால் பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் குறிக்கின்றன. ஆகவே விலைக்கு உணவு விற்றல் நமக்குப் புதிதன்று. கண்ணாடிக் கதவும், குளிரூட்டியும், மும்மொழியில் அச்சிட்ட உணவுப் பட்டியலுமே புதியன. அப்பட்டியலில் ‘நாண்’ என்றொரு பண்டம் இருந்தது. “இது வெட்கமோ, வில்லின் கயிறோ?” என்றேன். “பண்டிதர் ஐயா, அது வடநாட்டு ரொட்டி” என்று கணித ஆசிரியர் சிரித்தார். பண்டிதனுக்கு இவ்வளவு நகைச்சுவையேனும் வாய்த்ததே என்று வாசகர் பொறுத்தருள்க.

மசாலாத் தோசை ஒன்று 450 ரூபாய். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக ஏறிய நாள்களை நினைந்தால், ஆசிரியச் சம்பளத்தில் மாதம் ஒருமுறை இது தாங்கக் கூடியதே. அந்நாள்களில் எங்கள் வீட்டில் இரவு உணவு தேநீரும் பாணுமாகச் சுருங்கியது. அருகு மேசையில் தோட்டக் குடும்பம் ஒன்று, குழந்தைகள் இருவரோடு, பெரியதொரு தோசையைப் பிய்த்து மகிழ்ந்துகொண்டிருந்தது. கணித ஆசிரியர் அவர்களையே நோக்கியவராய், “எங்க பூட்டன் மன்னாரில இருந்து தம்புள்ளை வழியா பண்ணாமத்துக்கு நடந்து வந்த ரோடுங்க இது” என்றார். பண்ணாமம் என்பது மாத்தளைக்கு மலையகத்தார் வழங்கிய பழம்பெயர்.

பரிமாறும் இளைஞன் நான்கு கண்ணாடிக் குவளைகளில் நீர் கொணர்ந்து வைத்தான். விஞ்ஞான ஆசிரியர் தமது குவளையை விளக்கொளியில் உயர்த்திச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு எவரும் கேளாமலே சொன்னார்: அவருடைய தகப்பனார் பதினைந்து வயதில், எங்கள் ஊர்த் தேநீர்க்கடை ஒன்றின் பின்புறத்தில் நின்று, வெறும் போத்தலில் தேநீர் வாங்கிக் குடித்தவராம். முன்வாங்கில் இருந்தோர்க்கு மூக்குப்பேணி.

1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதே ஆண்டிற்றான் சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவுச்சாலைப் பலகையிலிருந்த சாதிப்பெயரை அகற்றும்படி பெரியார் கிளர்ச்சி நடத்தினார். சட்டம் இருந்தும் யாழ்ப்பாணத்துக் கடைகளிற் போத்தல் இருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுந்த ஊர்வலமும், அதன் பின்னர்ச் சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அதனை அசைத்தன. அவற்றில் அடியுண்டோரும் உயிர்நீத்தோரும் உளர். இவற்றையெல்லாம் நான் மாணாக்கர்க்குச் சொல்லியிருக்கிறேன். பிறர் கதை போலச் சொல்லியிருக்கிறேன்.

“எந்தக் கடை?” என்றேன்.

“உங்கட அம்மப்பாவின்ர கடைதான், பண்டிதர். நான் மாத்தளைக்கு வந்த முதற் கிழமையே எனக்குத் தெரியும்.”

அக்கடை இன்று இல்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது அழிந்தது. ஆயினும் அதன் பின்சுவரை நான் அறிவேன். ஆணியில் இரண்டு தகரப்பேணிகள் தொங்கின. போத்தல் போய்ப் பேணி வந்த காலம்போலும். சிறுவனாகிய நான் ஒன்றை எடுத்து நீர் மொள்ளப் போனேன். அம்மம்மா ஓடிவந்து பறித்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, வளர்ந்தபின்னும் கேட்கவில்லை.

மேசையில் எவரும் பேசவில்லை. தபாலதிபர் மாத்தளை ரயிலின் நேர அட்டவணையைப் பற்றி ஏதோ தொடங்கிப் பாதியில் விட்டார். தோசைகள் வந்தன. நன்றாயிருந்தன என்றே எழுதவேண்டும். ஓரம் முறுகி, உள்ளே உருளைக்கிழங்கு மஞ்சளாய், சம்பலில் அளவான உறைப்பு. விஞ்ஞான ஆசிரியர் என் சம்பற் கிண்ணம் வெறுமையானது கண்டு, தமது கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அதில் தோய்த்து உண்டேன்.

“தகப்பனார் இருக்கிறாரா?” என்று கேட்கவே எனக்கு இருபது ஆண்டுகள் சென்றன. இருக்கிறார், ஊரில் மகளோடு, காது மட்டும் மந்தம் என்றார்.

தேநீரோடு 2,200 ரூபாய்க்குச் சிட்டை வந்தது. நான் விரைந்து பணப்பையை எடுத்தேன். அவர் சிட்டைமேல் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

“வேண்டாம், பண்டிதர். பங்கு போடுவம். நீங்கள் கட்டினால் கணக்குத் தீர்ந்தமாதிரி ஆகிவிடும்.”

தலைக்கு 550 ரூபாய் வைத்தோம். கணித ஆசிரியர் எண்ணிப் பார்த்துச் சரியென்றார். பேருந்து நிலையம்வரை நால்வரும் நடந்தோம். வரும் பள்ளி விடுமுறையில் நான் ஊருக்குப் போகிறேன். அவர் தகப்பனாரின் வீட்டுக்கு வழி கேட்டேன். ஆலடிச் சந்தியில் இறங்கி இடப்பக்கம் மூன்றாம் ஒழுங்கை என்றார். அந்த ஒழுங்கையில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து அது அரைக் கல் தூரம்.