உங்களுக்குத் தெரியுமா? 48 வரியில் ஒரு விஷக் கவிதை!

காதலனைத் தட்டிப் பறித்தவளை என்ன செய்யலாம்? விஷம் காய்ச்சச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிறாள் ஒருத்தி! ராபர்ட் பிரவுனிங்கின் ‘தி லேபரட்டரி’ கவிதையில்தான் இந்தக் கூத்து. மொத்தமே 48 வரிகள்!

48 வரியிலும் பேசுவது அவள் மட்டுமே. விஷம் காய்ச்சும் கிழவர் வாயே திறப்பதில்லை. இதற்குப் பெயர் நாடகத் தனிமொழி!

நச்சுப்புகை ஏறாமலிருக்க அவள் முகத்தில் என்ன தெரியுமா? கண்ணாடி முகமூடி!

விஷத்தின் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்படிக் கடுமையாக இருந்தால் சக்களத்தி ஆசையாகக் குடிப்பாளா என்று கவலை!

‘இத்தனூண்டு சொட்டு போதுமா?’ என்று இன்னொரு சந்தேகம். இவள் சின்ன உருவம். அவளோ வாட்டசாட்டமாம்!

‘வலிக்காமல் சாகட்டும்’ என்றாளா? மூச்! நன்றாக வலிக்க வேண்டுமாம்!

கூலி என்ன? நகை அத்தனையும்! போதாக்குறைக்குக் கிழவர் விரும்பினால் உதட்டில் ஒரு முத்தம்!

கிளம்பும்போது மேலே ஒட்டிய தூளைத் தட்டிவிடச் சொல்கிறாள். அடுத்து எங்கே போகிறாள்? ராஜா வீட்டு நடனத்துக்கு!

இந்தக் கவிதையை 1844-இல் வெளியிட்டபோது பிரவுனிங்குக்கு வயது 32. அன்றைய இங்கிலாந்தில் ஆர்சனிக் விஷம் கடைச்சரக்கு. விற்பனைக்குக் கடிவாளம் போட்ட சட்டம் வந்தது 1851-இல்தான்!

கவிதை நடப்பது பழைய பிரான்ஸில். அங்கே நிஜத்தில் நடந்தது இன்னும் பயங்கரம்! அப்பாவையும் இரண்டு சகோதரர்களையும் விஷம் வைத்துக் கொன்றாள் பிரென்வில்லியே சீமாட்டி. பாரிஸில் அவள் தலை உருண்ட வருடம் 1676!

விஷத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர்? வாரிசுப் பொடி!

பிரவுனிங்கின் இன்னொரு கவிதையில் காதலியின் கூந்தலாலேயே அவள் கழுத்தை நெரிக்கிறான் காதலன். அதற்கு முடியை எத்தனை சுற்று சுற்றினான்? 3! அது அச்சானபோது கவிஞருக்கு வயது 23!

மனைவி எல்லோரையும் பார்த்துச் சிரித்ததே குற்றம் என்கிறான் பிரவுனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையில் வரும் பிரபு. அந்தக் கதைக்கு மூலமாகச் சொல்லப்படும் இத்தாலியச் சீமாட்டி லுக்ரேசியா 1561-இல் இறந்தபோது வயது வெறும் 16!

1860-இல் ஃபிளாரன்ஸ் சந்தையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினார் பிரவுனிங். உள்ளே, மனைவியைக் கொன்ற கணவன் மீதான 1698-ஆம் வருட வழக்கு! அதை அவர் கவிதையாக்கினார். எத்தனை வரிகள்? 21,000-க்கும் மேல்!

இத்தனை பொறாமை எழுதியவரின் வீடு எப்படி? மனைவி எலிசபெத் அவரைவிடப் புகழ்பெற்ற கவிஞர். 1850-இல் அரசவைக் கவிஞர் பதவிக்கே எலிசபெத் பெயர் அடிபட்டது!

ஏறக்குறைய 15 வருடக் குடித்தனம். 1861-இல் எலிசபெத்தின் உயிர் பிரிந்தது எங்கே தெரியுமா? பிரவுனிங்கின் கைகளில்!