மாட்டு நுரையீரலில் கிடைத்த மருந்து

இதய அறுவையில் ரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும்போது உடலில் அழற்சி கிளம்பும். அதைத் தணிக்க முடியுமா என்றுதான் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் அப்ரோட்டினின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணில் பட்டதோ வேறு: கத்தி வைத்த இடம் உலர்ந்து கிடந்தது. 1987-ல் முடிவு வெளியானதும் இதய அறுவை நிபுணர்கள் பரபரத்தார்கள்.

மருந்து புதிதல்ல. 1930-களிலேயே மாட்டின் உறுப்புகளில் கண்டறியப்பட்டு, பேயர் நிறுவனத்தின் ‘டிராசிலால்’ ஆகக் கணைய அழற்சிக்கு விற்கப்பட்டது. பிரித்தெடுத்தது மாட்டு நுரையீரலிலிருந்து. 58 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதம். மூன்று கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் சூட்டுக்கும் அமிலத்துக்கும் எளிதில் மசியாது. இதன் 15-ஆவது அமினோ அமிலமான லைசின், டிரிப்சின் நொதியின் குழிக்குள் மீன் முள்ளாகச் சிக்கிக்கொள்ளும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. ரத்தக் கட்டிகளைக் கரைக்கும் பிளாஸ்மினையும் இப்படியே மடக்குவதால்தான் கசிவு நிற்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இதன் மவுசு குறையவே இல்லை. செல்லை உடைத்தவுடன் உள்ளே இருந்த புரோட்டியேஸ்கள் நாம் தேடும் புரதத்தையே அரிக்கத் தொடங்கும். அதனால் ஐஸில் வைத்த குழாயில் முதலிலேயே அப்ரோட்டினின் சேர்ப்பார்கள். அது செரின் புரோட்டியேஸ்களை மட்டுமே பிடிக்கும் என்பதால் லியூபெப்டின், பெப்ஸ்டாட்டின் போன்ற பிற தடுப்பான்களையும் கலப்பது வழக்கம். ஒரு புரதத்தின் அசைவைக் கணினியில் முதன்முதலாக ஓட்டிப் பார்த்ததும் இதை வைத்துத்தான். 1977-ல் மார்ட்டின் கார்ப்ளஸ் குழுவினர் கணித்தது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஏறத்தாழ ஒன்பது பங்கு நேர அசைவை!

அறுவை அரங்கில் கதை கசந்தது. அமெரிக்காவில் 1993-ல் அனுமதி கிடைத்தது. 2006 ஜனவரியில், 4,374 நோயாளிகளை ஆராய்ந்த டென்னிஸ் மங்கானோ குழு, இம்மருந்தால் சிறுநீரகச் செயலிழப்பு கூடுவதாக எச்சரித்தது. அந்த செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு கூடியது. தானே ஏற்பாடு செய்த இன்னொரு ஆய்வும் அதே ஆபத்தைச் சுட்டியிருந்ததை பேயர் அங்கே வாய் திறந்து சொல்லவில்லை. சில நாள் கழித்தே தெரிவித்தது. மருந்தின் பக்கவிளைவை மன்னிக்கலாம், இதை எப்படி மன்னிப்பது?

கனடாவில் 2,331 பேரிடம் நடந்த ‘பார்ட்’ ஆய்வு 2007-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. அப்ரோட்டினின் பெற்றவர்களில் 6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக்காக டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைப் பெற்றவர்களில் 3.9 சதவீதம். அந்த நவம்பரில் பேயர் விற்பனையை நிறுத்தியது. பிறகு அந்த ஆய்வின் நடைமுறையிலேயே குறைகள் இருப்பதாகச் சொல்லி, ஐரோப்பிய மருந்து முகமை 2012-ல் அங்கே இருந்த தடையை நீக்கப் பரிந்துரைத்தது. ரத்த இழப்பு ஆபத்து மிகுந்த இதய பைபாஸ் நோயாளிகளுக்கு மட்டும், அதுவும் கடும் நிபந்தனைகளோடு.

மாட்டுப் புரதம் என்பதால் உடல் இதை நினைவில் வைத்திருக்கும். குறிப்பாக ஆறு மாதத்துக்குள் மறுபடி ஏற்றினால் உயிராபத்தான ஒவ்வாமை வரலாம். சில அறுவைப் பசைகளிலும் இது கலந்திருக்கிறது. முன்பு பெற்றவர்கள் அடுத்த அறுவைக்கு முன் மருத்துவரிடம் அவசியம் சொல்லிவிடுங்கள்.