கேட்டுப் பார்த்து வாங்கிய காலம்

தொண்ணூறுகளின் இறுதியில், கோட்டுகால் கிராமத்தைச் சேர்ந்த எங்கள் நால்வருக்கும் சனிக்கிழமை என்றால் நெய்யாற்றின்கரைதான். அங்கு ஒரு சந்தில் இருந்த சிறிய ஆடியோ கடையே எங்கள் இலக்கு. வணிகவியல் மாணவர்களான எங்கள் கையில் பணம் குறைவு. எனினும், எதையும் வாங்காமல் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு எழுந்தாலும் முகம் சுளிப்பவர் அங்கே எவரும் இல்லை.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு பாட்டைப் பிரிக்கவில்லை. தமிழின் முதல் ஸ்டீரியோ ஒலிப்பதிவு எனப் பரவலாகக் குறிக்கப்படும் ‘ப்ரியா’ (1978) படத்தின் ஒலிநாடாவும், கே.ஜே. யேசுதாஸ் 1980இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி நிறுவனத்தின் வெளியீடுகளும் அக்கடையில் ஒரே அலமாரியில் இருந்தன.

கேட்க வருவோரும் அவ்வாறே கலந்திருந்தனர். பாலராமபுரத்து நெசவாளர் ஒருவர், விழிஞ்ஞத்து மீனவ இளைஞர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எனப் பலரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்போம். டேப் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது, மங்கிய ஒலி தெளியும்வரை ஹெட்டின் சிறு திருகாணியை நூலளவு திருப்புவது, ஸ்பீக்கர் பெட்டிக்கு எந்தப் பலகை ஏற்றது என்பன போன்றவற்றை அங்குதான் கற்றோம்.

ஒருமுறை, நால்வருமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்துடன் சென்றோம். வேறொரு கடையில் ‘1000 வாட்’ என்ற வில்லை ஒட்டிய செட் ஒன்றைக் கண்டிருந்தோம். அதையே வரவழைத்துத் தருமாறு கடைக்காரரிடம் கேட்டோம்.

“எந்த வாட் தம்பி?” என்றார் அண்ணன்.

பழுதுபார்க்க வந்திருந்த அதே வகை செட் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது எல்.ஏ. 4440 என்ற ஐ.சி. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட். இரு பக்கங்களையும் ஒன்றாக இணைத்தால் 19 வாட். அதன் திறன் அவ்வளவே. வில்லையில் இருந்தது பி.எம்.பி.ஓ.; கண நேர உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படும் அந்த எண்ணுக்குப் பொதுவான அளவீட்டு முறை கிடையாது. தொடர்ந்து தரும் திறனைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். கணக்கு. வாட் இரு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

பிறகு ஒரே பாடலை இரு செட்டுகளிலும் போட்டுக் காட்டினார். ஒன்றில் அதிர்வு மிகுந்திருந்தது. மற்றொன்றில் தம்புராவின் இழை தனியே கேட்டது. விலை குறைந்த அந்த இரண்டாவதையே வாங்கிக்கொண்டோம். குறைந்த மீதித் தொகையை மூன்று தவணைகளாகத் தரலாம் என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், கையொப்பம் கேட்கவில்லை.

பின்னர் குறுந்தகடும், எம்.பி.3யும், கைப்பேசியும் வந்தன. சனிக்கிழமைகளில் எங்களுக்கு வேறு வேலைகள் சேர்ந்தன. அக்கடை மூடப்பட்ட செய்தியைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தோம். காலம் மாறியது என்று சொல்லிவிடலாம். ஆனால் போவதை முதலில் நிறுத்தியவர்கள் நாங்கள்தான்.

இன்று வங்கியில் பணிபுரியும் எங்கள் மேசையில் அதே கேள்வி வேறு உருவில் வருகிறது. ரூ. 12,000 கடனுக்கு ‘10 சதவீத ஃப்ளாட் வட்டி’ என்பார்கள். மாதம் ரூ. 1,100 வீதம் 12 தவணைகள். அசல் மாதந்தோறும் குறைந்துவந்தாலும், வட்டி முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையின் மீது கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 18 சதவீதம்! வில்லையில் உள்ள எண் வேறு. உள்ளே இருக்கும் எண் வேறு.

2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கையை வங்கிகள் வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கையொப்பமிடுமுன் வாடிக்கையாளர்கள் அதை வாசித்து, “எந்த வட்டி?” என்று தயங்காமல் கேட்க வேண்டுகிறோம். எங்களுக்கு அக்கேள்வியைக் கற்றுத்தந்தவர், அதிக விலை செட்டை விற்க மறுத்த ஒரு கடைக்காரர்.