மடிப்பு விழும் முன்னே

யாங்கோனுக்கு எதிரே, பகோ நதியின் அக்கரையிலுள்ள தன்லியினில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மதராஸ் என்றதும் பாட்டனாரும் பூட்டனாரும் கப்பலேறிய துறைமுகமே முதலில் நினைவுக்கு வரும். அந்த மதராஸில் இன்று மனித மூளையைப் பற்றி நடந்துவரும் அரியதோர் ஆராய்ச்சியை அவர்களும் அறியவேண்டும் என்பது என் அவா.

மூளையின் மேற்புறமெங்கும் நெளிந்தோடும் மேடுகளைக் கைரி என்றும், இடைப்பட்ட பள்ளங்களைச் சல்சி என்றும் பாடநூல்கள் கூறும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனமே உள்ள பெருமூளைப் புறணியை விரித்தால் ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்து கிடப்பதனாலேயே அது நம் கபாலத்துக்குள் அடங்குகிறது. மடிப்புகளின் மிகுதியே மனிதனுடைய புத்திக்குக் காரணம் என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் எரசிஸ்திரேட்டஸ் கருதினார். கழுதையின் மூளையும் அவ்வாறே மடிந்திருக்கிறதே என்று பிற்காலத்தில் காலன் என்னும் வைத்தியர் ஆட்சேபித்தார். காலனின் ஆட்சேபம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. டால்பினின் மூளையில் நம்முடையதைவிட மடிப்புகள் அதிகம்.

மடிப்பு எப்படி விழுகிறது? சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் மகாதேவனும் அவருடைய சகாக்களும், கருவிலுள்ள 22 வாரச் சிசுவின் வழவழப்பான மூளையைப் போலவே கூழ்ப்பொருளால் ஓர் உருவம் செய்து, மேலே மெல்லிய படலம் பூசித் திரவத்தில் அமிழ்த்தினார்கள். படலம் திரவத்தை உறிஞ்சிப் பருத்தது. உட்பகுதியோ அவ்வளவு விரியாமல் அதைப் பற்றி நின்றது. நெருக்குண்ட படலம் சில நிமிஷங்களில் உள்வாங்கி மடிந்து, மெய்யான மூளையின் மேடுபள்ளங்களையே பெரிதும் ஒத்த வடிவத்தைக் காட்டிற்று. புறணி உட்பகுதியைவிட விரைந்து வளர்வதே மடிப்புக்குப் பிரதான காரணம் என்பதை 2016-இல் வெளியான இந்த ஆய்வு கண்கூடாக்கியது.

ஆனால் அந்தப் புறணியை வளர்க்கும் உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன? கர்ப்பத்தின் நடு மாதங்களில் அவை மூளையின் ஆழத்தில் பிறந்து, மேற்பரப்பை நோக்கி யாத்திரை செய்கின்றன. அந்த யாத்திரை தடைப்பட்ட சில குழந்தைகள் மடிப்பே இல்லாத மூளையோடு பிறந்து, வலிப்பினாலும் வளர்ச்சிக் குறையினாலும் வருந்துகிறார்கள். அவர்களுடைய தாய்மார் படும் துயரத்தைச் சொல்லி முடியாது. நான் முதலில் சொன்ன மதராஸ் ஆராய்ச்சி இங்கேதான் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் கருச்சிசுக்களின் மூளைகளை நுண்ணிய தகடுகளாகச் சீவி, ஒவ்வோர் உயிரணுவும் தெரியும்படி படமெடுத்து, 5,132 படங்கள் அடங்கிய ‘தரணி’ என்னும் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. கர்ப்பத்தின் 14 முதல் 24 வாரம் வரை, அதாவது மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பாக இருந்து பள்ளங்கள் மெல்லத் தலைகாட்டும் பருவத்தில், எந்த உயிரணு எவ்விடத்தில் நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. இத்தகைய செல்வத்தைப் பூட்டி வைக்காமல், எந்தத் தேசத்து வைத்தியரும் விலையின்றிப் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நான் எல்லாவற்றினும் மேலாகப் போற்றுகிறேன்; யாங்கோனில் மருத்துவம் பயிலும் மாணவரும் இன்றே அதைப் பார்க்கலாம்.